தறி நாடு – 17: லாரிக்குக் கட்டாயம், தறிக்கு விருப்பம்

சென்ற வாரம் கைத்தறிக் குழிகள் தூர்ந்து, அதே இடத்தில் விசைத்தறி ஏறிய கதையைப் பார்த்தோம். குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவருக்கு முழங்கால் வலித்தது, இடுப்பு பிடித்தது, வயதானபோது கண் மங்கியது. விரல் போனதில்லை. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் விரல் போகத் தொடங்கியது தறிக்குக் கரண்ட் வந்த பிறகுதான். அந்த விரல்களுக்கு யார் பொறுப்பு, அந்தப் பொறுப்பு எப்படி எழுதப்பட்டது, எங்கே கைவிடப்பட்டது என்பதுதான் இந்த வாரக் கதை.

முதலில் தறியைப் பக்கத்தில் நின்று பார்ப்போம். ஊடை நூலைச் சுமந்து குறுக்கே ஓடும் நாடா கெட்டியான மரத்தில் செய்தது. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் உண்டு. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடும். அடிக்கிற பிக்கர் தேய்ந்திருந்தாலோ, அறுந்த பாவு நூல் சிக்கிக் கிடந்தாலோ, ஓடுபாதை பிசகினாலோ நாடா தறியை விட்டு வெளியே பாயும். ‘நாடா பறந்துருச்சு’ என்பார்கள். எதிரில் நிற்பவர் தலை குனிந்திருந்தால் தப்பினார். இல்லாவிட்டால் கண்ணோ, பல்லோ, நெற்றியோ. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நாடா பறக்காமல் தடுக்கக் கம்பிக் காப்புப் பொருத்தும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. பள்ளிபாளையத்துப் பட்டறைகளில் அதைக் காண்பது அரிது. பல் சக்கரம் விரலை இழுக்கும். பெல்ட் முந்தானையையும் அவிழ்ந்த கூந்தலையும் இழுக்கும். இரைச்சல் காதைத் தின்பதைக் காயம் என்றே யாரும் எண்ணுவதில்லை. பத்து வருடம் தறி ஓட்டியவரோடு வீட்டில் பேசிப் பாருங்கள், அவர் சாதாரணப் பேச்சையே கத்தித்தான் பேசுவார்.

அடிபட்டவுடன் நடப்பது எல்லாப் பட்டறையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். துண்டால் கையைச் சுற்றி, மேஸ்திரியோ முதலாளி மகனோ வண்டியில் ஏற்றி, காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள். அந்த நேரத்தில் முதலாளியும் பதறுவார். பல பட்டறைகளில் அவரும் தறி ஓட்டியவர்தான். தையல் போட்டு, கட்டுக் கட்டி, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகு பணப் பேச்சு வரும். ‘ஆஸ்பத்திரிக்கு நான் குடுத்துட்டேன் கண்ணு, அதப் பாக்கியில எழுதிக்கலாம்.’

இந்தப் பாக்கி இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. வேலைக்குச் சேரும்போது வாங்கும் முன்பணம், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாங்கிச் சேர்ந்த தொகை, அடைபடாமல் அடுத்த முதலாளியிடம் கைமாறும் கடன் எல்லாம் பாக்கிதான். பக்கத்துக் குமாரபாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கேர்ட் டி நேவ் 1999-இல் விசைத்தறிப் பாக்கியைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். தறியில் போன விரலுக்கான செலவும் அந்த நோட்டில் ஏறும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. முதலாளி தர வேண்டிய பணம், தொழிலாளி தர வேண்டிய பணமாக மாறுகிறது. நூறு வருடச் சட்டம் இந்த நோட்டுக்கு முன்னால் தோற்று நிற்கிறது. எப்படித் தோற்றது என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1837-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கறிக்கடையில் வேலை பார்த்த பிரீஸ்ட்லி என்ற இளைஞன், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து விழுந்து காயப்பட்டான். முதலாளி ஃபௌலர் மேல் வழக்குப் போட்டான். மேல் நீதிமன்றம் அவனுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வருகிறவன் வேலையின் ஆபத்தையும் ஏற்றுக்கொண்டுதான் வருகிறான், கூட வேலை பார்ப்பவன் செய்த தவறுக்கு முதலாளியைக் கேட்க முடியாது என்ற கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. அதன் நிழலில் எத்தனை ஆயிரம் கைகள் கேட்பாரின்றிப் போயின என்பதை எண்ணினால் மனம் கனக்கிறது. 1880-இல் அந்தக் கோட்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஒரு சட்டம் வந்தது. 1884-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க், விபத்துக் காப்பீட்டை முதலாளிகளுக்குக் கட்டாயமாக்கினார். 1897-இல் பிரிட்டன், தவறு யாருடையது என்று கேட்காமலே வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடு என்ற நிலைக்கு வந்தது. ஆனால் காப்பீட்டை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டது. நமக்கு வந்து சேர்ந்தது ஜெர்மன் வழியல்ல, இந்தப் பிரிட்டிஷ் வழி.

இந்தியாவில் 1855-இலேயே உயிர்போகும் விபத்துகளுக்கான சட்டம் ஒன்று இருந்தது. ஆனால் முதலாளி தவறு செய்தார் என்பதைச் செத்தவரின் குடும்பம் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். எந்த ஆலைக் கூலியின் விதவையால் அது ஆகும்? முதல் உலகப்போருக்குப் பிறகு காற்று திசைமாறியது. 1918 ஏப்ரலில் சென்னையில் பி.பி.வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது, திரு.வி.க. அதில் முன்னணியில் நின்றார். 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடினார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 5-ஆம் தேதி, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் ஒப்புதல் பெற்றிருந்தது. 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வேலையில் உயிர்போனால் முப்பது மாதக் கூலி அல்லது 2,500 ரூபாய், இதில் எது குறைவோ அது. தொகை சிறிதுதான். ஆனாலும் தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை என்ற ஒரு வரி, அன்றைய கூலிக்காரக் குடும்பத்துக்குப் பெரிய காப்பு.

அந்தச் சட்டம் பல திருத்தங்களோடு வளர்ந்தது. 2010 ஜனவரியிலிருந்து பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. பள்ளிபாளையத்துக்கு மிக முக்கியமான சங்கதி ஒன்று அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மின்சாரமோ வேறு எந்திர விசையோ கொண்டு உற்பத்தி நடக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர் அதன் பாதுகாப்புக்குள் வருவார். பத்துப் பேர், இருபது பேர் என்ற எண்ணிக்கை அங்கே கிடையாது. நாலு தறி, ஒரே ஒரு ஆள் என்றாலும் பொறுப்பு உண்டு. ‘நம்முளுது சின்னப் பட்டறைங்க, நமக்கெல்லாம் சட்டம் கிடையாது’ என்று நம்பும் முதலாளிகள் ஏராளம். அது தவறான நம்பிக்கை.

எண்ணிக்கை குறுக்கே வருவது இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்தான். 1944-இல் பேராசிரியர் பி.பி.அடார்கர் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கு ஒரு திட்டம் தந்தார். அதைப் பரிசீலித்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர்கள் ஸ்டாக்கும் ராவும் வேலை விபத்தையும் அதில் சேர்க்கச் சொன்னார்கள். 1948-இல் சட்டம் ஆனது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 1955 ஜனவரியில் நம் மாநிலத்தில் முதலில் கோயம்புத்தூருக்கு வந்தது. இதில் முதலாளியின் கையிருப்பைப் பற்றிய கவலையே கிடையாது. இன்றைய கணக்கில் கூலியில் 3.25 சதவீதம் முதலாளியும் 0.75 சதவீதம் தொழிலாளியும் மாதாமாதம் கட்டுகிறார்கள். அடிபட்டால் இஎஸ்ஐ கழகம் வைத்தியம் பார்க்கிறது, ஓய்வில் இருக்கும் நாளுக்குக் கூலியில் 90 சதவீதம் தருகிறது, நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்க மாதப் பணம் தருகிறது.

ஆனால் இது பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு. சேஷசாயி காகித ஆலை போன்ற கேட்டு வைத்த, சங்கு ஊதும் தொழிற்சாலைகள் பள்ளிபாளையத்தில் உண்டு. அங்கே வேலை பார்ப்பவருக்குப் பதிவேடு உண்டு, சட்டத்தின் கண் உண்டு. அதே தெருவில் ஒரு சுவர் தள்ளித் தறி ஓட்டுபவர் யாருடைய ஏட்டிலும் இல்லை. ஒரே கூரையின் கீழ் இருபது தறி ஓடும்; நாலு அண்ணன் தம்பி பெயரில், மனைவி பெயரில், மச்சான் பெயரில் நாலு மின் இணைப்பு இருக்கும். ஒவ்வொரு பெயரிலும் ஐந்தாறு பேர்தான் கணக்கு. மின்சாரச் சலுகைக்காகவும் பிரிப்பார்கள், தொழிற்சாலைச் சட்டத்துக்குத் தப்பவும் பிரிப்பார்கள். தப்பியது சட்டத்திலிருந்து என்று முதலாளி நினைக்கிறார். தப்பிப்போனது அவருக்கே கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பும்தான்.

இனி நாமக்கல் மாவட்டத்துக்கே உரிய விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாவட்டம் லாரிக்கும் தறிக்கும் பேர்போனது. ஒரே வீட்டில் அண்ணன் லாரி டிரைவர், தம்பி தறி ஓட்டுபவர் என்பது சாதாரணம். அண்ணன் மகாராஷ்டிரத்தில் எங்கோ விபத்தில் இறந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கட்ட வேண்டும். 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் காப்பீட்டுப் பகுதி 1946 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வண்டி ஓட்டும் ஊழியருக்கான இழப்பீட்டுப் பொறுப்பையும் பாலிசியில் அது சேர்த்தது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 147-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. காப்பீடு இல்லாமல் வண்டி ரோட்டில் ஏற முடியாது. லாரி முதலாளி கடனில் மூழ்கியிருந்தாலும் டிரைவரின் குடும்பத்துக்கு வழி உண்டு.

தம்பியின் கை தறியில் போனால்? அதே இழப்பீட்டுச் சட்டம், அதே கணக்கு, இழப்பீட்டை முடிவுசெய்யும் அதே ஆணையர். பணம் தர வேண்டியவர் மட்டும் பட்டறை முதலாளி. அவர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று 1923-லும் சொல்லவில்லை, அதன் பிறகும் சொல்லவில்லை. போபால் துயரத்துக்குப் பிறகு 1991-இல் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது, ஆபத்தான பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்குக் காப்பீடு கட்டாயமானது. அது வெளியாட்களுக்கு, தொழிலாளியைச் சட்டம் பெயர் சொல்லியே விலக்கியது. பிரிட்டன்கூட 1969-இல் தனிச் சட்டம் இயற்றி, 1972 முதல் முதலாளிகளுக்கு இந்தக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிக்கொண்டது. அவர்கள் விட்டுவிட்ட பழைய வழியில் நாம் இன்னும் நடக்கிறோம்.

இது வெறும் ஏட்டு வேறுபாடு என்று நினைத்துவிட வேண்டாம். 2006-இல் ஹர்ஷத்பாய் அம்ருத்பாய் மோதியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. மோட்டார் வாகனத்துக்குப்போல இழப்பீட்டுச் சட்டத்தில் காப்பீடு கட்டாயமில்லை. ஆகவே வட்டி எங்கள் பொறுப்பல்ல என்று பாலிசியில் எழுதிக்கொள்ள காப்பீட்டு நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்பது தீர்ப்பு. அதற்கு முன் 1997-இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கு ஒரு வாகன விபத்தில் எழுந்தது. அதில் அசலும் வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தின் தலையில், அபராதம் மட்டும் முதலாளி தலையில் என்று தீர்ப்பானது. லாரிக்கு ஒரு நியாயம், தறிக்கு ஒரு நியாயம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் பட்டறை முதலாளிக்குப் பயம் வரும். வர வேண்டும் என்றுதான் போடுகிறேன். கணக்கிடுவதற்கான மாதக் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் ஆனது. நாற்பது வயதுக்குச் சட்டம் தரும் பெருக்குத்தொகை 184.17. தறி ஓட்டும் நாற்பது வயதுக்காரர் மாதம் 15,000 வாங்குகிறார், பெல்ட்டில் சிக்கி உயிர் போகிறது என்று வையுங்கள். கூலியில் பாதியை 184.17-ஆல் பெருக்கினால் 13,81,275 ரூபாய். ஊனத்துக்குக் கூலியில் பாதியைவிடப் பெரிய பங்கை வைத்துக் கணக்கிடுவார்கள். உயிர் போகாமல் ஒரு கையின் நாலு விரல் போனால், அட்டவணைப்படி ஐம்பது சதவீத இழப்பு, 8,28,765 ரூபாய். இரண்டு விரலுக்கு இருபது சதவீதம், 3,31,506. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. காரணமில்லாமல் இழுத்தடித்தால் ஐம்பது சதவீதம் வரை அபராதம். 2009 திருத்தத்துக்குப் பிறகு வைத்தியச் செலவு முழுவதும் தனியாக. பாக்கி நோட்டில் ஏற்றிய அந்த ஆஸ்பத்திரிப் பணம், சட்டப்படி முதலாளி திருப்பித் தர வேண்டிய பணம்.

தறி ஓட்டியே பிழைத்தவருக்கு அட்டவணைச் சதவீதம் போதாமலும் போகலாம். 1975-இல் தீர்ப்பான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு ஒரு தச்சரைப் பற்றியது. 1968 ஜூலையில் வேலையின்போது விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர். ஒரு கை இல்லாத தச்சர் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே நூறு சதவீத இழப்பு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு விபத்து நடந்த அன்றே கொடுபட வேண்டியதாகிறது என்றும் சொன்னது. அறுந்த பாவு நூலை முடிந்து ஓட்ட விரல் இல்லாதவர் தறியில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

‘நாங்க பேசி முடிச்சுக்கிட்டோம், கையெழுத்து வாங்கிட்டேன்’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு சொல். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாள் இந்தச் சட்டத்தில் செல்லாது. இறப்பு என்றால் தொகையை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது கொடுத்ததாகவே ஆகாது. ஊர்ப் பெரியவர்களை வைத்து மூன்று லட்சம் பேசி முடித்தவர், பிறகு ஒருநாள் ஆணையர் முன் முழுத்தொகைக்கும் நிற்க நேரலாம். வங்கிக் கடனில் எட்டுத் தறி போட்டவருக்கு அது தறியோடு வீட்டையும் கொண்டுபோகும் தொகை. தொழிலாளிக்காக மட்டும் நான் காப்பீடு கேட்கவில்லை. கூலிக்கு நெய்து கொடுக்கும் சிறு முதலாளியும் மூழ்காமல் இருக்க வேண்டும்.

பொதுத்துறையின் நாலு பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் தனியாரிடமும் இதற்கென்று பாலிசி கிடைக்கிறது. ஆண்டு முழுவதும் கொடுக்கும் மொத்தக் கூலியை வைத்தும் வேலையின் ஆபத்தை வைத்தும் பிரீமியம் போடுவார்கள். எடுக்கிறவர் மூன்றைக் கேட்டு வாங்க வேண்டும். வைத்தியச் செலவு தனியாகச் சேர்த்தால்தான் வரும். வட்டி விலக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாவு பிணைக்க, லோடு ஏற்ற ஒப்பந்தத்தில் வருகிறவர்களையும் சேர்க்கச் சொல்ல வேண்டும். கூலியைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தால் விபத்தன்று அது காலை வாரும். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலிசிக்காக ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுத வேண்டும். மீட்டர் கணக்கில் கூலி வாங்கி, சீட்டு எதுவும் இல்லாத தொழிலாளிக்கு, தான் அந்தப் பட்டறையில்தான் வேலை பார்த்தேன் என்பதற்கு அதுவே முதல் சாட்சி.

‘பேங்கில பிடிக்கிற இன்சூரன்ஸ் இருக்குதுங்களே’ என்பார்கள். 2015-இல் 12 ரூபாயில் தொடங்கி 2022 முதல் 20 ரூபாயாக இருக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டைச் சொல்கிறார்கள். நல்ல திட்டம், எல்லோரும் வைத்திருக்க வேண்டியது. உயிர் போனால் இரண்டு லட்சம். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ முற்றாகப் போனால் ஒரு லட்சம். விரலுக்கு அதில் எதுவும் இல்லை. தறியில் அதிகம் போவது விரல்தான். அரசின் நல வாரியமும் உண்டு. பதிவு செய்தவருக்கு உதவித்தொகை தரும். அது அரசின் உதவி, முதலாளியின் பொறுப்பைத் தீர்க்காது.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் நாடு முழுவதும் செய்தியானது. கடன் தாங்காமல் விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்றார்கள் என்ற செய்தி. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. கடனுக்கு எத்தனையோ வாசல்கள்: கந்துவட்டி, குழுக் கடன், கூலி உயராதது. ஆனால் வேலை தந்த காயத்தின் செலவைத் தொழிலாளியே கடனாகச் சுமக்கும் வாசலை அடைத்திருக்க முடியும். அதற்குச் சட்டம் கையிலேயே இருந்தது.

அதே ஆண்டு நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இஎஸ்ஐ சட்டமும் அதற்குள் அடங்கிவிட்டன. இழப்பீட்டுக் கணக்கு பழையபடியே. பணிக்கொடைக்கு முதலாளி காப்பீடு எடுக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. வெட்டுப்பட்ட கைக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆபத்தான தொழில் என்று மத்திய அரசு அறிவித்தால், ஒரே ஒரு ஆள் வேலை பார்க்கும் இடத்துக்கும் இஎஸ்ஐ பொருந்தும். அந்த அறிவிப்பில் விசைத்தறியும் சேர வேண்டும். தொழிற்சங்கங்களும் விசைத்தறி உரிமையாளர் சங்கங்களும் கூலி உயர்வுக்கு எதிரெதிரே உட்கார்ந்து பழகியவர்கள். இந்தக் கோரிக்கையில் ஒரே பக்கம் உட்கார முடியும். பிரீமியத்தைக் கூலி ஒப்பந்தத்திலேயே ஒரு வரியாகச் சேர்த்து, துணி வாங்கும் வியாபாரியையும் பங்கு கட்டச் சொல்லலாம்.

அதுவரை, பட்டறை வைத்திருக்கும் வாசகர்கள் இந்த மாதமே ஒரு பாலிசி எடுங்கள். தறி ஓட்டும் வாசகர்கள், ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் பாக்கியில் ஏறியிருந்தால் அதை அடிக்கச் சொல்லுங்கள். அது நீங்கள் தர வேண்டிய பணம் இல்லை.

(தொடரும்)